மேல் மண்ணும் கீழ் மண்ணும்: கோலார் தங்கவயலில் நம் வரலாறு

1

பெங்களூர் போகிற விரைவு ரயில் எதுவும் எங்கள் வேப்பம்பட்டில் நிற்பதில்லை. திருவள்ளூர் லோக்கலுக்காகக் காத்திருக்கிறவர்கள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போய்விடும். எங்கள் ஆயா உயிரோடு இருந்தவரை, அந்தச் சத்தம் கேட்டால் கைவேலையை நிறுத்திவிட்டு, "கோலாரு வண்டி போவுது" என்பாள். அது கோலார் வண்டி இல்லை என்று நாங்கள் திருத்துவோம். அவள் காதில் வாங்கமாட்டாள். அவளைப் பொறுத்தவரை அந்தத் தண்டவாளம் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். அவளுடைய அப்பா, சித்தப்பா, சேரியில் பாதிப்பேர் அந்த வழியாகத்தான் போனார்கள். "எங்கப்பன் தங்கம் தோண்டப் போனாரு. எங்காதுல கெடந்தது பனையோலச் சுருளு" என்று சொல்லிவிட்டு, சிரிப்பாள்.

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கண்டுபிடித்த வெள்ளைக்காரர்களின் பெயர்கள் இருக்கின்றன. எத்தனை அடி ஆழம் என்ற கணக்கு இருக்கிறது: சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடியைத் தாண்டி இறங்கியது. எவ்வளவு தங்கம் என்ற கணக்கு இருக்கிறது: ஏறக்குறைய 120 ஆண்டுகளில் சுமார் 800 டன். இவை எல்லாம் உண்மையே. ஆனால் இது தங்கத்தின் வரலாறு. தோண்டியவனின் வரலாறு அல்ல. தோண்டியவன் இந்தப் பக்கங்களில் 'கூலிகள்' என்ற ஒற்றைச் சொல்லில் வருகிறான். அதிகம் போனால் 'தமிழ்க் கூலிகள்' என்று வருகிறான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வடஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், சித்தூர்ப் பகுதிச் சேரிகளிலிருந்து போன தாழ்த்தப்பட்ட மக்கள் என்பதை எழுதும்போது மட்டும் பேனா தயங்குகிறது.

அவர்கள் ஏன் போனார்கள்? பசி என்று பதில் சொல்லிவிடலாம். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது. மேல் மண்ணில் நமக்குப் பங்கு இல்லை என்றவர்கள் இருந்தார்கள். கீழ் மண்ணுக்கு வா என்று கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த வரலாறுதான் தங்கவயல்.

2

முதலில் எங்கள் பக்கத்து மண்ணைப் பார்ப்போம். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடக்கம். மிராசு முறை இறுக்கமாக வேரூன்றிய மாவட்டம் அது. உழுகிறவன் படியாள், நிலம் மிராசுதாருடையது. நிலம் மட்டுமல்ல, படியாள் குடிசை போட்டிருக்கிற மனையும் மிராசுதாருடையது என்று சொல்லிக்கொண்டார்கள். கூலி கூடக் கேட்டால், வேறு இடத்துக்கு வேலைக்குப் போனால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். சாட்டையைவிட இது வலுவான ஆயுதம்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்த மக்களை வேரோடு பிடுங்கியது. அதற்குப் பிறகு 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பறையர்களின் வறுமைக்குக் காரணம் சோம்பலோ குடியோ அல்ல, நிலமும் மனையும் அவர்களுக்கு மறுக்கப்படுவதே என்று அதில் சொன்னார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிற ஒப்படை நிலங்களின் தொடக்கம் அது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன்பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதைத் திரும்பக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள் என்பதும் தெரியும்.

இதே காலத்தில்தான் தங்கவயல் வாய் திறக்கிறது. பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது; எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடியது. பிறகு அந்தப் பாதை ஜோலார்பேட்டை, குப்பம், பங்காருப்பேட்டை என்று பெங்களூர்வரை நீண்டது. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதை வந்தது. மிராசுதார் மனையிலிருந்து ஓடுகிறவனுக்கு ஒரு கதவு திறந்தது. கடல் கடந்து போக முடிந்தவர்கள் மலேயாவுக்கும் சிலோனுக்கும் நேட்டாலுக்கும் போனார்கள். போக முடியாதவர்கள் கோலாருக்குப் போனார்கள். "கோலாருக்குப் போயிடுவேன்" என்று ஒரு படியாள் சொன்னால் பண்ணையார் கொஞ்சம் குரலைத் தணிப்பாராம். ஆயா சொன்ன கதை. இது எந்தக் கெஜட்டிலும் இருக்காது. ஆனால் நம் வரலாற்றில் முதல் முறையாக நம் உழைப்புக்கு இன்னொரு விலை கேட்கும் ஆள் வந்திருக்கிறான் என்பது அதில் தெரிகிறது.

3

தங்கத்தைக் 'கண்டுபிடித்த' கதைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 1802இல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், அந்தப் பகுதியில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சைக் கேட்டான். காட்டுகிறவர்களுக்கு வெகுமதி உண்டு என்றான். ஊர்க்காரர்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவன் கண்முன்னால் அலசிப் பொன்துகளைக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் ஆட்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை வெட்டி, கூடை கூடையாகக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். பெண்கள் அதைப் பாறைமேல் வைத்து இடித்துத் தூளாக்கி அலசினார்கள். ஆக, தொழில் முன்பே இருந்தது. அறிவு முன்பே இருந்தது. 1871இல் இந்த அறிக்கையைப் படித்துவிட்டு வந்த மைக்கேல் லவெல் என்ற முன்னாள் சிப்பாய் 1873இல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டு விண்ணப்பித்து, 1875இல் அதை வாங்கினான். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்துக்கு வந்தது. பழைய குழிகளுக்குக் கீழேயே சாம்பியன் படுகை கிடைத்தது. அனுமதிச் சீட்டு வாங்கியவன் பெயர் வரலாறாயிற்று. கூடையைக் கைமாற்றியவனுக்குப் பெயர் இல்லை.

டெய்லர் கம்பெனி தன் தேர்ச்சி பெற்ற ஆட்களைக் கார்ன்வாலிலிருந்து கொண்டுவந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கார்ன்வால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வெள்ளீயம் தோண்டிய நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்பு விலை விழுந்தது, பிறகு வெள்ளீய விலையும் விழுந்தது. அங்கே சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூட, வேலையிழந்தவர்கள் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ என்று உலகம் முழுக்கப் பரவினார்கள். அவர்களில் ஒரு பகுதி கோலாருக்கு வந்தது. தங்கவயலில் சுரங்க மேலாளரைக் 'கேப்டன்' என்று அழைத்தது கார்ன்வாலிலிருந்து வந்த வழக்கம்தான்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே குழியின் வாயில் இரண்டு கூட்டம் வந்து நின்றது. ஒன்று வெள்ளீயம் தீர்ந்து வந்த கூட்டம். இன்னொன்று நிலம் கிடைக்காமல் வந்த கூட்டம். இரண்டும் பசியோடு கிளம்பியவைதான். ஆனால் ஒருவன் கேப்டனாகவும் மேற்பார்வையாளனாகவும் பங்களாவுக்குப் போனான். மற்றவன் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய ஒற்றை அறைக்குப் போனான். நிறம் ஒரு படிக்கட்டு. சாதி இன்னொரு படிக்கட்டு. குளிர்ந்த காற்றும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்த அந்த நகரத்தைக் 'குட்டி இங்கிலாந்து' என்று பெருமையாகச் சொல்வார்கள். மேலே ஐரோப்பியர், அடுத்து ஆங்கிலோ இந்தியர், எழுத்து வேலைக்கு மேல்சாதியினர், காவலுக்குப் பஞ்சாபிகள், அடியில், குழிக்குள், நம் ஆட்கள். மனு வகுத்த அடுக்கை வெள்ளைக்காரக் கம்பெனி கலைக்கவில்லை. அதற்கு மேலே இன்னும் இரண்டு மாடி கட்டியது.

1902இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். அது முதலில் எந்தத் தெருவுக்கும் போகவில்லை. சுரங்க இயந்திரங்களுக்குப் போனது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்ததே 1905இல்தான். ஆசியாவிலேயே முன்னோடி என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்த வெளிச்சத்தில் நம் முகம் தெரிந்ததா என்று யாரும் எழுதுவதில்லை.

கீழே எப்படி இருக்கும் என்று சாம்பியன் ரீஃபில் வேலை செய்த என் பெரியப்பாவைக் கேட்டேன். "கேஜுல எறங்கறப்ப காது அடச்சிக்கும். பாதாளத்துக்குப் போறோம்னு தோணும். கீழ கல்லு மேல கை வெக்க முடியாதுப்பா, அடுப்பு மாதிரி சுடும். எல்லாரும் கோவணத்தோடதான். அங்க என்னா சாதி? வேர்வ மட்டுந்தான்" என்றார். ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல். பாறைக்குள் அடங்கிய அழுத்தம் திடீரென்று வெடித்து ஆட்களைப் புதைக்கும். அதை 'ஏர் பிளாஸ்ட்' என்று சொன்னார்கள். மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். உருண்டால் பெண்கள் ஷாஃப்ட்டு வாசலுக்கு ஓடுவார்கள்.

வெடிப்பில் சாகாதவனைத் தூசி கொன்றது. கல்தூள் நுரையீரலில் படிந்து இறுகும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலில் முறையாகப் பதிவானது இந்தச் சுரங்கங்களில்தான். 1940களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோயின் அறிகுறி இருந்தது. அதற்கு முன் அறுபது ஆண்டுகளாக இருமிச் செத்தவர்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை. காசநோய் என்று சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். வடஆற்காட்டுச் சேரிகளின் சுடுகாடுகளில்தான் அந்தக் கணக்கு கிடக்கிறது.

4

இவ்வளவையும் படித்துவிட்டு 'ஐயோ பாவம்' என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பரிதாபமும் ஒருவகை மறைப்புதான். தங்கவயலில் நம் மக்கள் செத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. அச்சுக்கூடம் வைத்தார்கள்.

அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னை ராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது; பிறகு 'தமிழன்' ஆயிற்று. இந்தப் பத்திரிகைக்கும் சங்கத்துக்கும் சென்னைக்கு வெளியே மிக வலுவான நிலம் எது என்றால் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும்தான். மாரிக்குப்பம் சங்கத்தை எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் தாங்கினார்கள். பள்ளிகள் நடந்தன. பார்ப்பனப் புரோகிதர் இல்லாமல் பௌத்த முறையில் திருமணமும் இறுதிச் சடங்கும் நடந்தன. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். எழுதத் தெரிந்தவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள்.

1914இல் பண்டிதர் மறைந்தார். சில காலத்தில் 'தமிழன்' நின்றது. அது மீண்டும் உயிர்பெற்றது சென்னையில் அல்ல. 1926இல் கோலார் தங்கவயலில், ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களைத் தொடர்ந்து பதிப்பித்தது. பெரியாரின் சுயமரியாதை இயக்கம் தலையெடுத்த அதே ஆண்டுகளில், சாதியொழிப்பும் பகுத்தறிவும் பேசுகிற ஒரு தமிழ்ப் பத்திரிகை மைசூர் சமஸ்தானத்தில், சுரங்கக் கூலிகளின் காசில் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பத்திரிகை வரலாறு எழுதியவர்கள் இதை எத்தனை பக்கம் எழுதினார்கள்? 1990களில்தான் ஞான. அலாய்சியஸ் போன்றவர்கள் தேடித் திரட்டி, 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுதிகளாக வந்தபோது நமக்கே இது தெரிந்தது. அந்தப் பழைய இதழ்களையும் நூல்களையும் கரையானுக்குக் கொடுக்காமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தவர்கள் தங்கவயல் குடும்பங்களைப் போன்ற எளிய குடும்பங்கள்தான்.

இது ஏன் அங்கே சாத்தியமானது, செங்கல்பட்டுச் சேரியில் ஏன் ஆகவில்லை? காசுக்கூலி ஒரு காரணம். மாதச் சம்பளம் வாங்குகிறவன் ஒரு பைசாவுக்குப் பத்திரிகை வாங்க முடியும். அதைவிடப் பெரிய காரணம், அங்கே 'ஊர்' இல்லை. சேரி என்பது ஊருக்குப் பக்கத்தில்தான் சேரி. லைன் வீடுகளில் எல்லாருமே நம் ஆட்கள். செருப்பைக் கழற்றச் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடி, யாருக்கும் கும்பிடு போடாமல் மாலை நேரத்தைக் கழிக்கிற வாய்ப்பு நம் மக்களுக்கு அங்கேதான் வாய்த்தது. கம்பெனி அதைத் தரவில்லை. கம்பெனிக்குத் தெரியாமல் விளைந்தது அது.

5

அந்தத் தன்மதிப்பின் சாட்சி 1930. தங்கத் திருட்டைத் தடுப்பது என்ற பெயரில் தொழிலாளிகளைச் சோதனை போடுவது முன்பே இருந்தது. 1930இல் எல்லாரும் பதிவு செய்துகொண்டு கைரேகை கொடுக்க வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. கைரேகை அப்போது எதன் அடையாளம்? 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. ரேகை வைப்பது என்றால் திருடன் பட்டியலில் சேர்வது. ஏப்ரலில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். பெரிய தொழிற்சங்கம் எதுவும் அழைக்கவில்லை. ஏறக்குறைய மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன.

இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கூலி உயர்வு கேட்டு அந்த வேலைநிறுத்தத்தைத் தொடங்கவில்லை. 'நாங்கள் குற்றவாளிகள் இல்லை' என்பதற்காகத் தொடங்கினார்கள். பாட்டாளிக்கு வயிறு மட்டும்தான் உண்டு என்று நினைத்தவர்களுக்கு இது புரியாது. சாதியால் பிறப்பிலேயே குற்றம் சாட்டப்பட்டவனுக்கு மானம் என்பது முதல் கோரிக்கை.

1940களில் கம்யூனிஸ்டுகள் வந்தார்கள். கே.எஸ். வாசன் தலைமையில் சங்கம் வலுப்பெற்றது. 1946இல் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். அந்த நாளைத் தங்கவயல் மக்கள் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறார்கள். அதே லைன்களில் அம்பேத்கரின் இயக்கமும் வேரூன்றியது. குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகம் சட்டமன்றத்துக்குப் போனார். செங்கொடியும் நீலக்கொடியும் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அண்ணன் கம்யூனிஸ்டு, தம்பி குடியரசுக் கட்சி. அவர்களுக்குள் சண்டை இருந்தது. ஆனால் வர்க்கமா சாதியா என்று நாம் அறைக்குள் உட்கார்ந்து நடத்திய விவாதத்தை அவர்கள் தெருக்குழாயடியில் முன்பே நடத்தி முடித்துவிட்டார்கள்.

6

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் மத்திய அரசிடம் போனது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. வெள்ளைக்காரன் போனான், இனி நம் அரசு என்ற நம்பிக்கை இருந்தது. 1965இல் அதே சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைப் பதிவு செய்து உலகப் புகழ் பெற்றார்கள். அந்த ஆழத்தைத் தோண்டிக் கொடுத்தவன் நுரையீரலில் இருந்த துகளையும் அதே அக்கறையோடு பார்த்திருக்கலாம்.

தங்கத்தின் தரம் குறைந்தது, ஆழம் கூடியது, செலவு கூடியது. 1992இல் நிறுவனம் நலிவுற்றது என்று வாரியத்தின் முன் போனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. கீழே தண்ணீர் ஏறியது. போராட்டமும் வழக்கும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 2013இல் உலகளாவிய ஏலத்துக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. மூடிய குழி மூடியபடியே இருந்தது.

வேலை போனதும் பழைய கேள்வி திரும்பி வந்தது: வீடு யாருடையது? மூன்று நான்கு தலைமுறையாகப் பிறந்து செத்த லைன் வீடு நிறுவனத்தின் வீடு. நிலம் நிறுவனத்தின் நிலம். 1891இல் டிரெமென்ஹீர் எழுதிய மனைப் பிரச்சினை, 110 ஆண்டு கழித்து, மிராசுதார் இடத்தில் அரசு நிறுவனத்தை வைத்துக்கொண்டு எழுந்து நின்றது. படியாளாக இருந்தபோதும் மனை இல்லை. தொழிலாளியாக இருந்தபோதும் மனை இல்லை.

இன்று விடியற்காலை இருட்டில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயில் கிளம்புகிறது. சுரங்கத்துக்கு இறங்கியவர்களின் மகன்களும் மகள்களும் பேரப்பிள்ளைகளும் அதில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். கட்டட வேலை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை, வீட்டு வேலை, காவலாளி வேலை; படித்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி. இரவு திரும்பி வருகிறார்கள். பெரியம்மா சொல்வாள்: "அப்பெல்லாம் ஆம்பள கேஜுல எறங்குவான். இப்ப ஊரே வண்டில ஏறுது. வூட்ல கெழம் ரெண்டுந்தான் காவல்."

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லைன்களில் எடுப்புக் கக்கூஸ்கள் இருந்தன. அதைச் சுத்தம் செய்யவும் தலித்துகளைத்தான் வைத்தார்கள். 1993இல் சட்டம் வந்த பிறகும் அது நிற்கவில்லை. 2011இல் மலக்குழியில் இறங்கியவர்கள் செத்தபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. சுரங்கத்தில் தங்கம் தோண்டியவர்கள், தம் மலத்தை அள்ளிய இன்னொரு தலித்தை எப்படி நடத்தினோம்? அவன் பிள்ளைக்கு நம் வீட்டில் பெண் கொடுத்தோமா? 'தமிழன்' படித்த தெருவில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டதா? பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "அத நாங்க பாக்கலப்பா. பாத்திருக்கணும்" என்றார். இந்தப் பதிலையும் நம் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும்.

7

கடைசியாகக் கார்ன்வாலுக்குத் திரும்புகிறேன். அங்கே கடைசியாக இயங்கிய வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998இல் மூடப்பட்டது. தங்கவயல் மூடியதற்கு மூன்றே ஆண்டு முன்பு. வேலையிழப்பும் வறுமையும் அங்கேயும் வந்தன. ஆனால் 2006இல் கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இடிந்த எந்திரக் கூடங்களைப் பாதுகாக்கிறார்கள். எந்தச் சுரங்கக்காரன் எந்த நாட்டுக்குப் போனான் என்று வம்சாவழி தேடுகிறார்கள். கோலாருக்கு வந்த கேப்டனின் கொள்ளுப்பேத்தி அவன் பெயரை ஏதாவது ஒரு பதிவேட்டில் கண்டுபிடித்துவிட முடியும். அவனுக்குக் கீழே இறங்கியவனின் கொள்ளுப்பேரன் நான். என் முப்பாட்டனின் பெயரை எங்கே தேடுவது?

நம்மிடம் இருப்பது என்ன? சயனைடு மலைகள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண், நகரத்தைச் சுற்றிக் குன்று குன்றாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் சோற்றுத் தட்டில் விழும். 2018இல் வந்த 'கே.ஜி.எஃப்.' படத்தைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்க வருகிறவர்கள் அந்த மேடுகளில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்தில் வருகிற ஊர் கற்பனை ஊர். 2024இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தபோதுதான், இது வடஆற்காட்டுச் சேரிக்காரன் கதை என்று பெரிய திரையில் ஒருவர் சொன்னார். அது வரலாற்று நூல் அல்ல, புனைவு. ஆனால் பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் தன் அப்பாவைப் பற்றிப் பேசினாள்.

அதே 2024இல், 13 கழிவு மேடுகளில் உள்ள ஏறக்குறைய 3.3 கோடி டன் மண்ணை மறுபடி அலசித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் ஆயிரம் ஏக்கர். ஆக, குப்பைக்கும் விலை உண்டு. அந்தக் குப்பையை மேலே கொண்டுவந்தவனுக்கு அதில் என்ன பங்கு என்று யாராவது கேட்டோமா? வேலை யாருக்கு? நிரந்தர வேலையா, ஒப்பந்த வேலையா? தூசிக்கு என்ன காப்பு? லைன் வீட்டுக்காரனுக்குப் பட்டா உண்டா? தங்கவயல் தோழர்கள் இந்தக் கேள்விகளை எழுப்ப வேண்டும். நாம் அவர்களோடு நிற்க வேண்டும்.

இது எங்கோ கர்நாடகத்தில் நடக்கிற விவகாரம் அல்ல. வேப்பம்பட்டிலிருந்து தினமும் காலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற எங்கள் தெருப் பையன்களைப் பார்க்கிறேன். எரும்பு உலைக்கும் வார்ப்படத்துக்கும் போகிறார்கள். அடையாள அட்டையில் இருப்பது தொழிற்சாலையின் பெயர் அல்ல, ஒப்பந்தக்காரரின் பெயர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தகரக் கொட்டகையில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். கோலார் லைன் வீட்டைப் பார்த்திராதவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். ஐம்பது ஆண்டு கழித்து இந்தத் தொழிற்பேட்டையின் வரலாற்றை எழுதுகிறவன் எத்தனை டன் இரும்பு என்று எழுதுவான். உருக்கியவன் பெயருக்கு இப்போதே யாராவது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வைக்க வேண்டும்.

மாணவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தங்கவயலில் கடைசியாகக் குழிக்குள் இறங்கியவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடியாதவர்கள் அவர்களில் உண்டு. விடுமுறையில் போங்கள். பங்காருப்பேட்டையில் இறங்கி வண்டி மாறுங்கள். சம்பளச் சீட்டு, டோக்கன், பழைய 'தமிழன்' இதழ், பௌத்த சங்க அழைப்பிதழ், பிள்ளைப்பேறு எழுதி வைத்த நோட்டு, எது கிடைத்தாலும் படியெடுங்கள். பேச்சைப் பதிவு செய்யுங்கள். கக்கூஸ் லைனுக்கும் போங்கள். அங்கே முதலில் போங்கள்.

சென்ற முறை கிளம்பும்போது பெரியப்பா வாசல் வரை வந்தார். காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "இதுக்குக் கீழ எல்லாம் காலி. நாங்கதான் தோண்டுனோம். மேல இருக்கிற இந்தப் பத்தடி ரூமுக்குத்தான் காகிதம் கேக்கறேன்" என்றார்.